பதினொன்று தொடக்கம் பன்னிரண்டு வரை

கோயில் வாசலில் ஒட்டியிருந்த தாளில்
எங்கள் வட்டாரத்துக்கு விழுந்தது
பெரிய வியாழன் இரவு,
பதினொன்று தொடக்கம் பன்னிரண்டு வரை.
போனில் படமெடுத்துக்கொண்டேன்.
சாறி விளம்பரத்துக்கும்
யாரோ அனுப்பிய கேக் செய்முறைக்கும் நடுவில்
அது போய் உட்கார்ந்தது.

மத்திய வீதியில் மின்சாரச் சாமான் கடை,
மூன்றாவது காசு மேசை எனக்கு.
சித்திரைப் புத்தாண்டுக் கழிவு:
முற்பணம் வேண்டாம், இருபத்துநாலு தவணை,
அடுப்பு எடுத்தால் அரிசிச் சட்டி இலவசம்.
வாசல் ஒலிபெருக்கிக்கு ஒரே பாட்டு.
வீட்டில் பாத்திரம் கழுவும்போதும்
என் வாயில் வருவது அதுதான்,
அருள் நிறைந்த மரியே அல்ல.

தவக்காலம் தொடங்கிய புதன்
நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு வந்தேன்.
வாடிக்கையாளர் ஒருவர் மிக அன்பாய்ச் சொன்னார்:
"பிள்ளை, முகத்தில என்னவோ ஊத்தை."
கைலேஞ்சியால் துடைத்தேன்.
பிறகு அவருடைய தொலைக்காட்சிக்குப் பில் போட்டேன்.

நாற்பது நாளுக்கு நான் விட்டது சீனி.
அதுவும் பதினோராம் நாள் வரை.
நேரமில்லை, நேரத்தைக் கடைதான் தின்கிறது என்று
பிலிசிற்றா அக்காவிடம் சொல்லிச் சொல்லி
எனக்கே அது விசுவாசப் பிரமாணமாகிவிட்டது.

ஆனால் எங்கள் மேலாளர் நவ்சாத்,
கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருகிறவர்,
தினமும் பன்னிரண்டேகாலுக்கு
எவ்வளவு கூட்டமானாலும் எழும்பிப் போவார்.
இருபது நிமிடம்.
கையெழுத்துக்கு நிற்பவர்கள் நிற்பார்கள்.
கடை இடிந்து விழுந்ததில்லை.
ஈர முகத்தோடு திரும்பி வந்து
"அடுத்த ஆள்?" என்பார்.
ஆறு வருடம் அதைப் பார்த்திருக்கிறேன்,
பொறாமை என்று பெயர் வைக்காமல்.

வியாழன் இரவு பத்தேகால்.
ஸ்ரொக் எண்ணி முடியவில்லை.
மின்விசிறி நாற்பத்தொன்று,
இருக்கவேண்டியது நாற்பத்துமூன்று.
"சேர், நான் கோயிலுக்குப் போகோணும்."
என் குரல் எனக்கே புதிதாய்க் கேட்டது.
அவர் பட்டியலிலிருந்து தலை நிமிர்த்தினார்.
"போங்க. முந்தியே ஏன் சொல்லல்ல?
போன வருஷமும் இதே இரவுதானே
நின்று எண்ணினீங்க?"

ஆறு வருடத்தில்
ஒரு தரம்கூட நான் கேட்டதில்லை.

மணி அடிக்காத இரவு அது.
பாஸ்கு வரை மணிக்கு வாயில்லை.
வெள்ளைத் துணி, மெழுகுதிரி, நீர்.
முழந்தாளிட்டேன்.
முதல் பத்து நிமிடம் மின்விசிறி எண்ணினேன், ஆண்டவரே.
தலைக்கு மேல் இரண்டு சுற்றின.
கணக்குச் சரி.
பிறகு கால் மரத்தது.
பிறகு கடைப்பாட்டு வந்தது, அரிசிச் சட்டியோடு.
பிறகு எப்போதென்று தெரியாமல்
ஒன்றும் வரவில்லை.
கடல் கேட்டது, இத்தனை கிட்டவா என்று.

செபமா நித்திரையா, தெரியாது.
ஒலிவத் தோட்டத்தில் உறங்கியவர்களும்
உம்முடைய ஆட்கள்தானே.
பிலிசிற்றா அக்கா முழங்கையால் இடித்தபோது
உப்புவெளி வட்டாரத்தார்
வாசலில் செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வீதி விளக்கின் கீழ் இரண்டு மான்.
இந்த ஊரில் மானும் மாடு மாதிரித்தான்.
மதிலில் ஒட்டிய எங்கள் கடைத் தாளை
ஒன்று கீழ் மூலையில் பிடித்து இழுத்துத் தின்றது.
முற்பணம் போனது.
இருபத்துநாலும் போனது.
மேலே பெரிய எழுத்தில்
'இலவசம்' மட்டும் மிச்சம்.

ஓட்டோக்காரர் ஹோன் அடித்தார்.
வாறன் என்றேன்.
அது அதையும் தின்று முடிக்கட்டும் என்று
நின்றேன்.